பேர் கூப்பிடாமல் புறப்பட்ட இடம்

குணசீலன் வீட்டு வாசலில் இருக்கிற தண்ணீர் இல்லாத ஆழ்துளைப் போரில் குணசீலனின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. அவன் சத்தீஸ்கரில் இருக்கும்போதும் கேட்கும், வீட்டுக்குள் உட்கார்ந்து சோறு தின்னும்போதும் கேட்கும். மல்லசமுத்திரத்திலிருந்து திருச்செங்கோடு போகிற டவுன் பஸ்ஸில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். மரவள்ளிக்கிழங்கு இன்று என்ன விலைக்குப் போனது என்று சொல்கிற அதே குரலில்தான் சொல்வார்கள். கேட்டு வாயைப் பிளக்கிறவன் வெளியூர்க்காரன் என்று தெரிந்துகொள்ளலாம். அந்தப் போரை மூட வந்த அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற கதையும் உண்டு. அது பின்னால் வரும்.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருத்தராவது போர் வண்டிக்குப் போனவர்கள். திருச்செங்கோட்டிலிருந்து கிளம்புகிற வண்டிகள் ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று போய், ஊர் ஊராகப் பூமியில் ஓட்டை போட்டுவிட்டு, மழை பிடித்ததும் சர்வீஸுக்குத் திரும்பும். கூடப் போன ஆண்பிள்ளைகளும் அப்போதுதான் திரும்புவார்கள். எத்தனை தடவை குளித்தாலும் காதுக்குப் பின்னால் கொஞ்சம் வெள்ளைப் புழுதி மிச்சம் இருக்கும். வந்ததும் சில நாள் தூங்குவார்கள். அப்புறம் மேஸ்திரியைக் கூப்பிட்டு, பாதியில் நிற்கிற வீட்டின் சுவரை இன்னும் கொஞ்சம் ஏற்றுவார்கள். சிமெண்ட் காய்வதற்குள் வண்டி மேனேஜர் போன் செய்துவிடுவார். "இன்னும் ஒரே ஒரு நடை அம்மிணி, அப்பறம் ஊரோட இருந்துக்கறேன்" என்று சொல்லாத ஆண்பிள்ளை எங்கள் ஊரில் கிடையாது. அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, ஊறுகாய் போட்டு மூட்டை கட்டிக் கொடுக்கிற பெண்பிள்ளைகளை என்னவென்று சொல்வது, போங்கள்.

குணசீலன் ராசப்பனின் ஒரே மகன். மகா வாயாடி. டவுன் பஸ் கண்டக்டர் மாதிரியும் பால் சொசைட்டி செயலாளர் மாதிரியும் பேசிக் காட்டுவான். அவன் வேப்பமரத்தடியில் நின்று பேச ஆரம்பித்தால் பால் ஊற்றப் போனவர்கள் பால் திரிகிறவரைக்கும் நின்று கேட்பார்கள். மதுமதி அவனைக் கட்டிக்கொண்டதே அந்த வாய்க்காகத்தான் என்று அவளே சொல்லியிருக்கிறாள். பெண் பார்க்கப் போன இடத்தில், கொடுத்த காபியில் சர்க்கரை இல்லை என்பதை அவன் சொன்ன விதத்தில் பெண்வீட்டார் மொத்தப் பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறார்கள். போர் வண்டியில் அவன் டிரில்லர், அதாவது லீவரைப் பிடித்துத் துளை போடுகிறவன். அவனுக்கும் மற்றவர்களுக்கும் மூத்தவர் சடையன்.

போர் வண்டியில் ஒரு பழக்கம் உண்டு. ஓர் இடத்தில் வேலை முடிந்து கிளம்பும்போது கூட்டத்தில் மூத்தவர் ஒவ்வொருத்தராகப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். கூப்பிடப்பட்டவன் "வந்தாச்சு" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். தன் பேரைத் தானே கூப்பிட்டுக்கொள்ள முடியாது, இன்னொருத்தர்தான் கூப்பிட வேண்டும். வண்டியடி நிழலில் படுத்துத் தூங்குகிறவன்மேல் சக்கரம் ஏறிவிடக் கூடாதே என்று ஆரம்பித்த பழக்கம்தான் இது. நாளாக ஆக அதிலேயே ஒரு பயம் ஒட்டிக்கொண்டது. பேர் கூப்பிடாமல் புறப்பட்டவன் முழுசாக ஊர் வந்து சேர மாட்டான் என்று போர்க்காரர்கள் நம்புகிறார்கள். படித்த பையன்கள் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே "வந்தாச்சு" என்றும் சொல்லிவிடுவார்கள்.

தமிழினி பிறந்த செய்தி போனபோது குணசீலன் சத்தீஸ்கரில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு முன்னால் போர் ஓட்டிக்கொண்டிருந்தான். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு மேலே வந்ததும் போன் அடித்ததும் ஒரே நேரம். "பொட்டப்புள்ள பொறந்திருக்குதுடா! சடையண்ணே, எனக்குப் பொட்டப்புள்ள!" என்று கத்திக்கொண்டு கொட்டுகிற தண்ணீரில் ஆடினான். ஜிலேபி வாங்கி வந்து பாஷை தெரியாத பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாயில் எல்லாம் ஊட்டினான். அந்த வழியாக ராய்ப்பூர்ப் பக்கம் போகிற பால் வேன் ஒன்று வந்தது. துண்டைக்கூட எடுக்காமல் தாவி ஏறிவிட்டான். சாயங்காலம் வண்டி கிளம்பும்போது சடையன் பழக்கப்படி பேர் கூப்பிட்டார். குணசீலன் பேருக்கு வந்ததும், "அவந்தான் போயிட்டானே" என்று விட்டுவிட்டு அடுத்த பேருக்குப் போனார்.

ஊருக்கு வந்த குணசீலன் பிள்ளையைக் கையில் வாங்கி, வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. அன்றிலிருந்து "ம்", "சரி", "வாரேன்" என்பதற்கு மேல் அவனிடமிருந்து பேச்சு கிடையாது. தொண்டையில் புழுதி என்றார் ஆஸ்பத்திரிக்காரர். வடக்கத்திக் காற்று என்றார்கள் கிழவர்கள். எவளோ என்னமோ செய்துவிட்டாள் என்று சொன்னவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் பேர் இங்கே வேண்டாம். மதுமதி மட்டும், "இவங்க மூஞ்சிதான் வந்திருக்குது, ஆளு வருலீங்க" என்று சொல்லி அழுதாள். நாங்கள் பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் பேசுவாள் என்று நினைத்தோம். அவள்தான் சரியாகச் சொல்லியிருக்கிறாள்.

அவன் போனான், வந்தான், போனான். ஒரு வருகையில் அஸ்திவாரம், ஒரு வருகையில் சுவர், ஒரு வருகையில் கான்கிரீட். தமிழினி தவழ்ந்தாள், நடந்தாள். ஒரு ஆயுத பூஜைக்கு வந்தபோது வண்டி முதலாளி, பழைய ஆள் என்பதால், அவன் சொந்த வாசலில் ஒரு போர் போட்டுக்கொள்ள வண்டியை விட்டார். ஊரே வேடிக்கை பார்த்தது. தேங்காய் உடைத்து, சூடம் காட்டி இறக்கினார்கள். தண்ணீருக்குப் பதில் வெறும் புழுதிப் புகையாக வந்தது. "இன்னொரு ராடு" என்று விரலைக் காட்டினான். இன்னொரு இரும்புக் கம்பியைக் கோத்து இறக்கினார்கள். மறுபடியும் புகை. மறுபடியும் விரலைக் காட்டினான். கையில் இருந்த கம்பி எல்லாம் தீர்ந்த பிறகும் விரலைக் காட்டிக்கொண்டே நின்றான், சடையன்தான் அந்தக் கையைப் பிடித்து மடக்கிவிட்டார். இந்தியா பூராவும் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவன் வாசலில் ஒரு சொட்டு இல்லை. குழாய்த் தலையில் ஒரு கருங்கல்லைத் தூக்கி வைத்துவிட்டு, அந்த வாரமே அடுத்த நடைக்குக் கிளம்பிவிட்டான்.

கல்லுக்கு அடியிலிருந்து குரல் வந்ததை முதலில் கேட்டவள் மதுமதி. துணி காயப் போட்டுக்கொண்டிருந்தவள் காதில் போர் வண்டிக் கம்ப்ரசர் இரைச்சல் விழுந்தது. எங்கோ வண்டி போகிறது என்று நினைத்தாள். அப்புறம் சிரிப்புச் சத்தம். அப்புறம், "பொட்டப்புள்ள பொறந்திருக்குதுடா!" கையில் இருந்த சேலையை மண்ணில் போட்டுவிட்டுக் கல்லைத் தள்ளினாள். உள்ளே அவள் கட்டிக்கொண்ட ஆள் பேசிக்கொண்டிருந்தான். சமையல்காரன் போட்ட உப்பைக் கேலி செய்தான், கண்டக்டர் மாதிரி விசில் அடித்தான், ஜிலேபி தின்னச் சொல்லி யாரையோ வற்புறுத்தினான். "ஏனுங்க!" என்று இவள் குனிந்து கூப்பிட்டதற்கு, "இன்னொரு ராடுதான் அம்மிணி, முடிச்சுட்டு வாரேன்" என்று பதில் வந்தது. அவள் அங்கேயே உட்கார்ந்து சிரித்தாள், அழுதாள், அன்றைக்கு அடுப்புப் பற்றவைக்கவே இல்லை.

போனில் பேசுகிற குணசீலன் "சாப்டியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவான். போரில் இருந்த குணசீலனுக்குப் பேச்சு ஓயாது. அவனுக்கு வயசும் ஏறவில்லை, அலுப்பும் தெரியவில்லை. எந்நேரமும் அவனுக்குப் பிள்ளை பிறந்த அதே நாள்தான். தமிழினி அந்தக் குழாயடியில்தான் வளர்ந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைப் போட்டுவிட்டுக் குழாயைக் கட்டிக்கொண்டு, "அப்பா" என்பாள். "ஏஞ்சாமி" என்று உள்ளிருந்து வரும். டீச்சர் திட்டியது, ஆடு குட்டி போட்டது, முட்டை உடைந்தது எல்லாம் சொல்வாள். அவன் எல்லாவற்றுக்கும் ஒரு கதை வைத்திருப்பான். நாங்களும் போய்க் கேட்டிருக்கிறோம். சும்மா சொல்லக் கூடாது, அந்த வாசலில் போய் நின்றால் மனசு லேசாகிவிடும்.

நிஜ குணசீலன் பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்கி வருவான். தமிழினி ஓடிப்போய்க் குழாயில் வாயை வைத்து, "அப்பா, நம்ம ஊட்டுக்கு ஒருத்தங்க வந்திருக்கறாங்க" என்று சொல்வாள். அவன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பான். அவள் அவனை மரியாதைக் குறைவாக நடத்தியதே இல்லை. "ஏனுங்க, அம்மா சோத்துக்கு வரச் சொன்னாங்க" என்பாள். எங்கள் ஊரில் வழிப்போக்கனுக்கும் அந்த "ங்க" உண்டு. அவன் வாங்கி வந்த கவுனைப் போட்டுக்கொள்வாள், பொம்மையை வைத்து விளையாடுவாள், அப்பா என்று மட்டும் சொல்ல மாட்டாள். "இதுதான் சாமி உங்கப்பா" என்று மதுமதி அடித்துக்கூடப் பார்த்தாள். பிள்ளை, "அப்பா பேசுவாருங்கம்மா, இவங்க பேசறதில்லீங்களே" என்றது. அன்றைக்குக் குணசீலன் கட்டி முடிக்காத மாடியில் போய் உட்கார்ந்து வெகுநேரம் இறங்கவில்லை. அவன் ஊர் ஊராக ஓடியதும், புழுதி தின்றதும், அந்த ஒற்றைச் சொல்லுக்காகத்தான். அதைப் போரில் இருக்கிறவன் தினம் தினம் வாங்கிக்கொண்டிருந்தான்.

அப்புறம்தான் உத்தரவு வந்தது. எங்கோ ஒரு ஊரில் திறந்து கிடந்த போரில் குழந்தை விழுந்துவிட்டது. தண்ணீர் இல்லாத போர்களை எல்லாம் கான்கிரீட் போட்டு நிரந்தரமாக அடைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நியாயம்தான், யார் இல்லை என்றது? வி.ஏ.ஓ. சித்தார்த் என்கிற ஆத்தூர்ப் பக்கத்துப் பையன், ஜல்லியும் ஆட்களுமாக வந்தான். தமிழினி குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "எங்கப்பா உள்ள இருக்கறாருங்க, மூடாதீங்க, மூச்சு முட்டும்" என்று வீறிட்டாள். சித்தார்த் குனிந்து கேட்டான். உள்ளே குணசீலன் ஜிலேபி கொடுத்துக்கொண்டிருந்தான். பையன் மெதுவாகச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். "இதை நான் எப்படிங்க மேலே எழுதறது? ஆள் இருக்குதுன்னு எழுதினா தீயணைப்பு வண்டி வந்துடும்" என்றான். மாசக் கடைசி வரைக்கும் பார்க்கிறேன், அதற்குமேல் என் கையில் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனான்.

அப்போது குணசீலன் ஊரில்தான் இருந்தான். முட்டி தேய்ந்து போர் வேலையை விட்டுவிட்ட சடையனைத் தேடிப் போய், பேச்சு வராமல் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். போர் போட்ட அன்றைக்கு வந்ததோடு சரி, சடையன் அதற்கப்புறம் அந்த வாசலுக்கு வந்ததில்லை, பேச்சு காதில் விழுந்திருந்தும் எட்டிப் பார்க்கவில்லை. குழாயில் காதை வைத்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அந்தப் பள்ளிக்கூடத்துப் போருடா இது. அன்னைக்கு நீ பேர் கூப்புடறதுக்கு முன்னாடி ஓடிட்ட. நானும் போனவன்தானேன்னு உட்டுட்டேன். உன்ற சந்தோசம் பூராவும் அங்கயே நின்னுபோச்சு." பிறகு செய்ய வேண்டியதைச் சொன்னார். அந்த இடத்துக்கே போக வேண்டும். வீட்டு ஆள் ஒருத்தர் இவன் முகத்தைப் பார்த்துக் கூப்பிட வேண்டும். "பொண்டாட்டி கூப்புட்டா வரமாட்டான், இன்னொரு ராடும்பான். புள்ளதான் கூப்புடோணும். அப்பான்னு, உன்னப் பாத்து. கெளம்பறப்ப நீ அவ பேரைக் கூப்புட்டுக் கூட்டிட்டு வா, மறந்துறாதே." மதுமதி போரைக் காவல் காக்க நின்றுகொண்டாள். அப்பனும் மகளும் சேலம் ஜங்ஷனில் ராய்ப்பூர் போகிற ரயில் ஏறினார்கள். "நெசமாலுமே அப்பா அங்க இருப்பாருங்களா?" என்று அவள் கேட்டதற்கு அவன் தலையை ஆட்டினான்.

அவர்கள் போய்ச் சேர்ந்த நாளில் ஊரில் பாதிப் பேர் அந்த வாசலில் இருந்தோம். சித்தார்த்தும் வந்திருந்தான். சடையன் குழாய்க்குப் பக்கத்தில், மதுமதி குழாயைப் பிடித்துக்கொண்டு. உச்சிவெயில் நேரத்தில் அந்தப் பள்ளிக்கூடத்துக் கைப்பம்பு கிரீச்சிடுகிற சத்தம் வந்தது, அப்புறம் தமிழினியின் குரல், பக்கத்து வீட்டில் பேசுவதுபோல. "அப்பா!" உடனே, "ஏஞ்சாமி." "நான் வந்துட்டனுங்கப்பா, வாங்க போலாம்." "இன்னொரு ராடுதான் சாமி, முடிச்சுட்டு வாரேன்." அவள் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள், அவன் திரும்பத் திரும்ப அதையே சொன்னான். மதுமதி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு தமிழினி, "அப்பா, இவங்க அழுவறாங்க" என்றாள். கீழே இருந்தவன் முதல் தடவையாகப் பேசாமல் இருந்தான். அதற்கப்புறம் அவள் குரல் மாறியது. அது போருக்குள் கூப்பிடுகிற குரல் இல்லை, எதிரில் நிற்கிறவரைக் கூப்பிடுகிற குரல். தயங்கித் தயங்கி வந்தது. "அப்பா. அழுவாதீங்கப்பா. வாங்க, ஊட்டுக்குப் போலாம்."

"வந்தாச்சு!" என்று கேட்டது. அத்தனை வருஷத்துக் குரலும் சேர்ந்து வந்ததில் குழாய் அதிர்ந்தது. வாசலில் நின்ற பெண்கள் குலவை போட்டார்கள். "என்ன சொன்ன? இன்னொருக்காச் சொல்லு கண்ணு, இன்னொருக்கா!" என்று அவன் கூத்தாடுவது கொஞ்சம் கேட்டது, அப்புறம் ஓடுகிற காலடிச் சத்தம், அப்புறம் ஒன்றும் இல்லை. சடையன் மட்டும் குழாயை விட்டு எழுந்திருக்கவில்லை. "புள்ள பேரைக் கூப்புடுறா. டேய், கூப்புடுறா" என்று உள்ளே கத்தினார். அங்கே கேட்பதற்குத்தான் ஆள் கிளம்பிவிட்டானே. "வெளிய வந்து கூப்புட்டிருப்பாருங்கண்ணா" என்று மதுமதி சமாதானம் சொன்னாள். இனி என்ன இருக்கிறது என்று நாங்களும் சொன்னோம். சித்தார்த் நல்ல மனசுக்காரன், கான்கிரீட் போடாமல் இரும்பு மூடி வைத்து போல்ட் முடுக்கிவிட்டுப் போனான்.

குணசீலன் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே கண்டக்டருக்கு எதிரே கண்டக்டர் மாதிரி பேசிக் காட்டிக்கொண்டு இறங்கினான். கையில் ஜிலேபிப் பொட்டலம். வழியில் பார்த்தவர்கள் எல்லோரையும் பேர் சொல்லி நிறுத்தி ஊட்டினான். மதுமதியைப் பார்த்ததும், "காப்பியில சக்கரை போடற ஊடு இதுதானுங்களா?" என்று கேட்டான், அவள் அவன் நெஞ்சிலேயே ரெண்டு குத்து குத்தினாள். தமிழினி பின்னால் வந்தாள். ரயில் களைப்பு என்று நினைத்தோம். வாசலுக்கு வந்து, சுவரோரம் நின்று, எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள். சடையன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "கெளம்பறப்ப புள்ள பேரைக் கூப்புட்டியாடா?"

குணசீலன் சொல்லிக்கொண்டிருந்த வேடிக்கையைப் பாதியில் விட்டான். பொட்டலம் கையில் இருந்தபடியே இருந்தது. அவள் அப்பா என்று சொன்னதும் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஆடினானாம், அந்தப் பக்கமாகப் பால் வேன் வந்ததாம், அப்படியே ஏறிவிட்டானாம். சந்தோஷம் வந்தால் இந்த மனுசனுக்கு ஒன்றும் ஞாபகம் இருக்காது. அன்றைக்கும் அப்படித்தான், இன்றைக்கும் அப்படித்தான். திட்டுவதா, கட்டிக்கொண்டு அழுவதா என்று தெரியாமல் மதுமதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். இரும்பு மூடிக்கு அடியில் கைப்பம்பு கிரீச்சிட்டது. ஒரு பெண்பிள்ளை சிரிக்கிற சத்தம் வந்தது.

தமிழினி இப்போது அதிகம் பேசுவதில்லை. "ம்" என்பாள், "சரி" என்பாள், வீட்டுப் பாடம் எழுதுவாள். போல்ட்டில் ஒன்றை மதுமதி கழற்றி வைத்திருக்கிறாள், சித்தார்த்துக்கும் அது தெரியும். முழுப் பரீட்சை முடிந்ததும் போவதற்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. இந்தத் தடவை மதுமதியும் போகிறாள், முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டு சடையனும் போகிறார். எல்லோர் பேரையும் அவர் கூப்பிடுவார், அவர் பேரைக் கூப்பிட மதுமதி இருக்கிறாள். குணசீலன் இனி வண்டிக்குப் போகிறதில்லை என்று சொல்லிவிட்டான். மாடிச் சுவர் அப்படியே நிற்கிறது. சாயங்காலம் ஆனால் குழாயடியில் உட்கார்ந்து, கண்டக்டர் மாதிரியும் செயலாளர் மாதிரியும் பேசிக் காட்டுகிறான். கீழே இருக்கிற தமிழினி விழுந்து விழுந்து சிரிப்பது தெருவரைக்கும் கேட்கிறது. ஒரு நாள் செயலாளர் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். வீட்டுப் பாடத்தை மூடி வைத்துவிட்டுத் தமிழினி எழுந்து வந்து, குழாயில் காதை வைத்துக் கேட்டாள். பிறகு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் அங்க நல்லாத்தான் இருக்கறனுங்கப்பா" என்றாள். "அந்தப் புள்ளைங்களுக்குப் பம்பு அடிச்சுக் குடுக்கறேன். தண்ணி நெறையா வருது."

அந்தப் பக்கம் இந்த வருஷம் நல்ல மழையாம்.